எதிர் நடைபாதை

பிப்ரவரி 12, செவ்வாய்

இன்றிலிருந்து அரை நாள் வேலை. கண்ணாடிக் கடை முதலாளி எனக்காக ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார். "உக்காந்தே பாருங்க, நிக்க வேண்டாம்" என்றார். நல்ல மனுஷர். ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்தால் வருகிறவர்களின் மூக்குத் துவாரம்தான் தெரிகிறது. ஒருவர் முகத்தில் கண்ணாடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க அவருக்கு நேராக நிற்க வேண்டும். பழையபடி நின்றுகொண்டேன். நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் இதய டாக்டர். ஸ்டென்ட் வைத்த இடம் நன்றாக இருக்கிறதாம். "இன்னொரு குழாய்ல கொஞ்சம் அடைப்பு இருக்கு, அதை மாத்திரைலயே பாத்துக்கலாம். மாடிப்படி மட்டும் வேண்டாம். தினமும் நடங்க" என்றார். எங்கே நடப்பது என்று கேட்டேன். "வீட்டை விட்டு வெளில இறங்கி நடங்கம்மா" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

வீட்டை விட்டு இறங்கினால் ஆறு வரிசை ரோடு. நடுவில் மார்பளவு கம்பிவேலி. அகலப்படுத்தியபோது மரங்களை எடுத்தார்கள், கூடவே நடைபாதையில் பாதியையும் எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாதியில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. ரோட்டைக் கடக்க ஒரு நடைமேம்பாலம், நான் ஏறக் கூடாத படிகளோடு. அதற்கு லிஃப்டும் உண்டு. திறப்பு விழா அன்று ரிப்பன் வெட்டியவரை மேலே கொண்டுபோய் விட்டதோடு அதன் கடமை முடிந்துவிட்டது.

பிப்ரவரி 20, புதன்

ஆஸ்பத்திரியில் இதயப் பயிற்சி வகுப்பு ஆரம்பம். நெஞ்சைத் திறந்து மூடியவர்களும் என்னைப்போல் குழாய் அடைத்தவர்களுமாக வட்டமாக நின்று கையைத் தூக்கி இறக்கினோம். பயிற்சி சொல்லித்தரும் பெண் "முகத்தைச் சிரிச்ச மாதிரி வச்சுக்கங்க" என்கிறாள். எங்களைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும், எங்களுக்குத்தான் வரவில்லை.

எனக்கு எதிரே ஓர் உயரமான ஆள். கண்ணாடி இடப்பக்கம் சரிந்து கிடந்தது. பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது. இடைவேளையில் போய், கேட்காமல் கொள்ளாமல் அவர் முகத்திலிருந்து அதைக் கழற்றி, காதில் மாட்டும் பக்கத்தை லேசாக வளைத்துத் திரும்பவும் மாட்டிவிட்டேன். தொழில் புத்தி. மாட்டின பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. அவர் ஆடாமல் அசையாமல் நின்றார். பிறகு, "சுவரு நேராத்தான் இருக்கு போல. இத்தனை நாளா மேஸ்திரியைத் திட்டிட்டிருந்தேன்" என்றார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராம். மனைவி இல்லை. பையன் கப்பல் வேலையில். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

மார்ச் 1, வெள்ளி

வேடிக்கை. ஆஸ்பத்திரி வேன் என்னை வாசலில் இறக்கிவிட்டது. லிஃப்டில் மேலே வந்து, செருப்பைக் கழற்றி, டீ போட்டு, டம்ளரோடு பால்கனிக்கு வந்தால், அதே வேன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இப்போதுதான் வந்து நிற்கிறது. கிரேன்காரர் இறங்குகிறார். எனக்கு நேர் எதிர்க் கட்டடம்.

ஆக, நாங்கள் எதிரும் புதிருமாகக் குடியிருக்கிறோம். அவர் வீட்டுக்குப் போக வேன் தூரத்தில் இருக்கும் வண்டி மேம்பாலம் வரை போய், அடியில் நெரிசலில் நின்று, திரும்பி வந்திருக்கிறது. நான் டீயே குடித்து முடித்துவிட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

வகுப்பு முடிந்தது. எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்துக் கைதட்டினார்கள். கிரேன்காரர் அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு "இனிமே என்ன?" என்றார். "இனிமே நடக்கணும், அவ்வளவுதான்" என்றேன். அவருக்கும் படி ஏறத் தடை. அவர் இதயம் பாதி பலத்தில்தான் ஓடுகிறதாம். கிரேன் ஏணியில் ஏறி இறங்கிய ஆளுக்கு இப்போது பத்துப் படி எட்டாத உயரம்.

இருவரும் நம்பர் வாங்கிக்கொண்டோம். அதோடு வேனில் ஏறிவிட்டோம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பத்து நாளாக ஒன்றும் இல்லை. என்ன இருக்க வேண்டும்?

அவர் பால்கனியில் ஒரு துண்டு காய்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில், நெஞ்சில் ஒரு கம்பிச்சுருளை வைத்துக்கொண்டு, துண்டைப் பார்க்கிறேன்.

யோசித்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. சாதாரண தெருவாக இருந்தால், கடைக்குப் போகிற வழியில் பார்த்துவிடலாம். "அட, நீங்களா" என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, நமக்கு நாமேகூட. இந்த ரோட்டில் அது நடக்காது. அவரைப் பார்க்க வேண்டுமென்றால் டாக்ஸி கூப்பிட வேண்டும். டாக்ஸிக்காரனுக்கு இடம் சொல்ல வேண்டும். காசு கொடுத்து, சுற்றிக்கொண்டு போய் இறங்கி, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்ல முடியுமா? எதிர்ப்பக்கத்துக்கு யாரும் சும்மா வர முடியாது.

ஏப்ரல் 17, புதன்

இன்று காலை டாக்டர் சொன்னபடி நடக்க இறங்கினேன். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே உடம்பைக் குறுக்கி வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்த, நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பக்கம் அவர். அவரும் நடக்கிறார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுசாக விரித்து நின்றார். என்னவோ ஏதோ என்று நின்றேன். போன் அடித்தது.

"அதுதான் கிரேன்ல நிறுத்துன்னு அர்த்தம். நின்னுட்டீங்களே, நல்ல ஆளு நீங்க" என்றார்.

அப்புறம் போனைக் காதில் வைத்தபடி நடந்தோம். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பஸ் குறுக்கே வந்தால் மறைந்துவிடுவார். பஸ் போனதும் இருப்பார்.

மே 6, திங்கள்

தினமும் நடக்கிறோம். இதை "சேர்ந்து நடப்பது" என்று சொல்லலாமா? சொல்கிறேன். யார் கேட்கப் போகிறார்கள்?

சத்தத்தில் பாதி கேட்பதில்லை. கேட்காதபோது கையால் பேசுகிறார். ஒரு உள்ளங்கையை அசைக்காமல் பிடித்து, அதன் கீழே மறு கையை ஆட்டினால் மெதுவா என்று அர்த்தம். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. என்னைப் பார்த்து அதைக் காட்டினால் முகத்தைத் தூக்கு என்று அர்த்தமாம். அது அவரே கண்டுபிடித்தது என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு சண்டை. காலையில் அவர் பக்கம் நிழல், என் முகத்தில் வெயில். அதனால் சாயங்காலம் நடப்போம் என்கிறார். சாயங்காலம் என் பக்கம் நிழல், வெயில் முழுக்க அவருக்கு. எனக்கு அது சம்மதமில்லை. நீங்க பைபாஸ் பண்ணின ஆளு என்றேன். நீங்க ஸ்டென்ட் வச்ச ஆளு என்றார். கடைசியில் ஒரு நாள் காலை, ஒரு நாள் சாயங்காலம் என்று முடிவு. மரத்தை வெட்டாமல் விட்டிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. ஆனால் இது நல்ல சண்டை.

மே 9, வியாழன்

ரோட்டோரம் ஒரு பெண் கையில் கருவியோடு நின்று போகிற வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தாள். மாநகராட்சிக் கணக்கெடுப்பாம்.

"இந்த ரோட்டை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடக்கிறீங்க?"

"கடக்கிறதே இல்லைம்மா."

"அப்ப உங்களுக்குக் கேள்வி இல்லை" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. கடக்கிறதே இல்லை என்றால் கடக்க ஆசை இல்லை என்றா அர்த்தம்? அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளிடம் கொடுத்த கேள்வி அப்படி. போனில் அவரிடம் புலம்பினேன். "என்னையும் அப்படித்தான் விட்டுட்டாங்க. கணக்குப்படி நம்ம ரெண்டு பேருக்கும் இந்த ரோட்டால ஒரு தொந்தரவும் இல்லை" என்றார்.

மே 20, திங்கள்

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீடு ரோட்டை ஒட்டியா? படுக்கிற அறை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ரோட்டுப் பக்கம்தான், ஆனால் பழகிவிட்டது, சத்தத்தில் நன்றாகவே தூங்குகிறேன் என்றேன்.

"நீங்க தூங்குறீங்க. உங்க ரத்தக் குழாய் தூங்கலை. ஒவ்வொரு லாரிக்கும் அது முழிச்சுக்குது. புகை வேற. முடிஞ்சா வீட்டை மாத்துங்க."

மகளிடம் சொல்லியிருக்கவே கூடாது. சொல்லிவிட்டேன். "நான் எத்தனை தடவை கூப்பிட்டேன்? இப்ப டாக்டரே சொல்லிட்டார்ல" என்றாள். அவள் இருப்பது ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய குடியிருப்பு. உள்ளே ஏரி, ஏரியைச் சுற்றி நடைபாதை, வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எனக்கென்று ஒரு அறைக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறாள். பச்சை. எனக்குப் பிடிக்கும் என்று.

ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 1, சனி

மகள் வீடு. ஒத்துக்கொள்கிறேன், சொர்க்கம். காலையில் பறவைச் சத்தத்தில் விழிப்பு வருகிறது. நடைபாதையில் ஒரு கல் தடுக்கவில்லை. மாப்பிள்ளை அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கி வைத்திருக்கிறார், அளந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இருப்பதுபோல் இருக்கிறது. மகள் என் முகத்தையே பார்க்கிறாள், பாத்தியா பாத்தியா என்று.

காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறேன். எல்லோரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனியாகப் போகிறார்கள். அவருக்குப் போன் செய்தேன். அவர் தன் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தார். போனுக்குள் பஸ் சத்தம், ஹார்ன், யாரோ யாரையோ திட்டுவது எல்லாம் கேட்டது. எங்கள் ரோடு. போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன். "சத்தமா இருக்கு, வச்சிடவா?" என்றார். வைக்காதீங்க என்றேன்.

நடக்கும்போது தலை தானாக இடப்பக்கம் திரும்புகிறது. அங்கே தண்ணீர்தான் இருக்கிறது.

ஜூன் 8, சனி

திரும்பி வந்துவிட்டேன், சாமான் கட்ட. மாதக் கடைசியில் மாறுவதாக மகளிடம் ஒப்புக்கொண்டேன். மறுக்க என்ன காரணம் சொல்வேன்? அழுத்தம் இறங்குகிறது, தூக்கம் வருகிறது, மகள் பக்கத்தில் இருக்கிறாள். அவள் அப்பா போன பிறகு நாங்கள் இரண்டே பேராக வளர்ந்தவர்கள். என்னையும் அவள்தான் வளர்த்தாள் என்றுகூடச் சொல்லலாம். அன்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மறுபடி அவளை அந்தச் சத்தம் போட வைக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நடக்கிறார் என்பதற்காக ஒரு பொம்பளை புகையில் குடியிருப்பாளா? சொன்னால் சிரிப்பார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சாயங்கால நடையில், போனில். பஸ் ஒன்று குறுக்கே நின்றது, அவர் முகம் தெரியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

"நல்லதுதான். உடம்புதான் முக்கியம். உங்களுக்கு அங்க புகை இல்லை பாருங்க" என்றார். பஸ் நகர்ந்தது. அவர் கை காட்டவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல நடக்க வருவீங்கல்ல?"

வருவேன் என்றேன்.

ஜூன் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

காலைல இறங்கினேன். அந்தப் பக்கம் அவர் இல்லை. போன் எடுக்கலை. முதல்ல கோபம்தான் வந்துச்சு, நான் போறேன்னு சொன்னதுக்குக் கோச்சுக்கிட்டார்னு. அப்புறம் பயம் வந்துச்சு. பாதி பலத்துல ஓடுற இதயம், வீட்டுல தனியா, போன் எடுக்கலை. டாக்ஸி கூப்பிட்டேன். எந்த இடம்னு கேட்டான், எதிர்ப்பக்கம்னேன், சிரிச்சான். சிரிச்சுட்டுப் போகட்டும்.

வண்டி மேம்பாலத்துக்கு அடியில் வழக்கமான நெரிசல். அந்தப் பக்கம் போய் இறங்கி அவர் வீட்டு மணியை அடித்தேன், அடித்தேன், பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அவர் அப்பவே கெளம்பிட்டாரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறேன்னு" என்றார்.

திரும்பிப் பார்க்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், என் கட்டட வாசல் படியில், அவர் உட்கார்ந்திருக்கிறார்.

படியேறி வந்திருக்கிறார். அந்த நடைமேம்பாலத்தை ஏறி இறங்கி என்னைப் பார்க்க வந்திருக்கிறார், நான் அவரைப் பார்க்க டாக்ஸியில் போன நேரத்தில். ஏறுகிற மூச்சில் போன் அடித்தது கேட்கவில்லையாம். இது பிறகு தெரிந்தது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கை நெஞ்சில் இருந்தது மட்டும்தான். தலை குனிந்திருந்தது. எங்க வாட்ச்மேன் தண்ணி கொண்டாந்தான். நான் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கத்துறேன், ஒருத்தருக்கும் கேக்கலை. ஒரு கூப்பிடு தூரம். கூப்பிட்டாக் கேக்காத கூப்பிடு தூரம். ரெண்டு கையையும் விரிச்சு நின்னேன், நிறுத்து நிறுத்துன்னு. யாரை நிறுத்தச் சொன்னேன்னு எனக்கே தெரியலை. பஸ் வந்து மறைச்சுது. பஸ் போனதும் இருப்பாரா இருப்பாரான்னு—

இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஒரு உள்ளங்கையை அசைக்காமல் பிடித்து, அதன் கீழே மறு கையை மெல்ல ஆட்டினார். மெதுவா, மெதுவா என்று. எனக்கு.

வாட்ச்மேனுக்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னேன். அது வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவதை எதிர் நடைபாதையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 13, வியாழன்

ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் அவர் தம்பி, தம்பி மனைவி. கண்ணாடிக் கதவு வழியாக மட்டும் பார்க்கலாம். குழாய்களுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரு?" என்றாள் தம்பி மனைவி.

நான் யார்? அவள் கேட்டதில் தப்பில்லை.

"எதிர் வீடு" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

புதிய அடைப்பு எதுவும் இல்லையாம். இதயத் துடிப்பு தாறுமாறாகியிருக்கிறது, சரிசெய்துவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே டாக்டர். அவர் என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "அவரைப் படி ஏறச் சொன்னது யாரு?" என்று சத்தம் போட்டார். எனக்கும் கோபம். "நடங்கன்னு சொன்னது நீங்க. நடந்து எங்க போறதுன்னு நான் கேட்டேன். நீங்க சொல்லலை" என்றேன். டாக்டர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். பாவம், அவரா ரோடு போட்டார்.

ஜூன் 23, ஞாயிறு

மகள் வண்டியோடு வந்தாள். சாமான் எதுவும் கட்டப்படவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வாட்ச்மேன் சொன்னான்" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"ரெண்டு பேரும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கையைக் காட்டிக்கிட்டே நடப்பீங்கன்னு. இந்தக் கட்டடத்துக்கே தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரியலை."

நான் துணி மடித்தேன். ஏற்கெனவே மடித்த துணி.

"பச்சைப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன்மா" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டேன். இங்கே இருந்தால் உடம்புக்கு நல்லதில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அங்கே வந்தால் நான் நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. போகும்போது, "தூங்குற அறையையாவது பின்பக்கம் மாத்திக்கோ" என்று சொல்லிவிட்டு, கட்டிலின் ஒரு முனையை அவளே பிடித்தாள். வாட்ச்மேன் மறுமுனை. வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

ஜூலை 19, வெள்ளி

அவர் வீடு திரும்பிவிட்டார். தம்பி வீட்டில் இருந்தது போதும் என்று வந்துவிட்டாராம். பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருகிறார். நடைக்கு இன்னும் அனுமதி இல்லை. நான் மட்டும் நடக்கிறேன், அவர் மேலேயிருந்து பார்க்கிறார். "கிரேன்ல உக்காந்து பாக்கிற மாதிரியே இருக்கு. நீங்கதான் சரக்கு" என்றார். வகுப்பில் இந்தப் பேச்சுக்கு நான் முறைத்திருப்பேன். இன்று சிரித்துவிட்டேன்.

அன்றைய காலையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. எதற்காக அத்தனை படி ஏறினார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது? ஆனால் அவர் வாயால் கேட்க ஆசையாக இருக்கிறது. பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். போனில் வேண்டாம். அதுவரை இந்த ஏக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நடுவேலியில் ஒரு பகுதியை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். தரையில் வெள்ளைக் கோடு, கம்பத்தில் விளக்கு. பாதசாரிகளுக்கு சிக்னல் வருகிறதாம். கடை முதலாளி விசாரித்து வந்தார். கிரேன்காரர் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய வணிக வளாகம் திறக்கிறார்களாம், இந்தப் பக்க ஆட்கள் அங்கே வர வேண்டுமே, அதற்காகத்தான். கணக்கெடுத்த பெண்ணுக்கும் எங்களுக்கும் இதில் சம்பந்தமில்லை.

இருக்கட்டும். யாருக்காகவோ போட்ட பந்தலில் நாமும் ஒதுங்கிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 18, புதன்

இன்று விளக்கு எரியத் தொடங்கியது. அவருக்கு நடக்க அனுமதி கிடைத்தது போன வாரம். போனில் ஒன்றும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேசி வைத்திருக்க வேண்டும்.

பச்சை விழுந்தது. இறங்கினேன். அவரும் அந்தப் பக்கமிருந்து இறங்குவது தெரிந்தது. டாக்டர் சொன்ன வேகத்தில் நடந்தேன், அதற்கு மேல் முடியாது. சுற்றிலும் இளவட்டங்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்கள். நடுத்திட்டை எட்டுவதற்குள் விளக்கிலிருந்த பச்சை மனிதன் துடிக்க ஆரம்பித்து, சிவப்பாகி நின்றுவிட்டான். யாருடைய காலை வைத்து நேரம் குறித்தார்களோ. மீதி பாதிக்கு வழியில்லை. அவருக்கும் அதே கதி. இரண்டு பேரும் நடுத்திட்டில் மாட்டிக்கொண்டோம்.

ஒரு கட்டில் அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் வண்டிகள் சீறிக்கொண்டு போயின. காற்றில் என் முந்தானை பறக்க, அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், உடைகிற சரக்கை இறக்குகிறவர்போல.

"எங்க போயிட்டிருக்கீங்க?" என்றார்.

"உங்க பக்கம். நீங்க?"

"உங்க பக்கம்."

மறுபடியும் அதே கூத்து. சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. "மெதுவா" என்றார், இந்த முறை வாயால். அவருக்குக் காதோரம் ஒரு மச்சம் இருக்கிறது. இவ்வளவு நாள் தெரியவில்லை. சோப்பு வாசனை வந்தது. அழுகையும் வந்தது. இத்தனை மாதமாக நான் பட்ட ஆசை எவ்வளவு என்று அங்கே நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

"அன்னைக்கு எதுக்கு அவ்வளவு படி ஏறினீங்க?" என்று கேட்டேன்.

"போகாதீங்கன்னு சொல்ல. போன்ல சொன்னா நல்லதுதான், உடம்புதான் முக்கியம்னு வருது. நேர்ல சொன்னா சரியா வரும்னு நினைச்சேன்."

பச்சை விழுந்தது. எங்களைச் சுற்றி ஜனம் இரண்டு பக்கமும் போனது. ஒருத்தி "தள்ளி நில்லுங்க" என்று இடித்துக்கொண்டு போனாள். நாங்கள் நின்றபடியே இருந்தோம். திரும்பவும் சிவப்பு.

"அப்ப சொல்லுங்க" என்றேன்.

சொன்னார்.

அடுத்த பச்சைக்கு அவர் பக்கம் நடந்தோம். அவர் டீ போட்டுக் கொடுத்தார். சுமார்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கிரேன்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உட்காருவதுபோல. மகள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "ஈசிஜி கடைசியா எப்ப எடுத்தீங்க?"

நவம்பர் 27, புதன்

எங்கள் மாத்திரை டப்பா இரண்டும் இப்போது ஒரே அலமாரியில், ஒரே மாதிரி நீலம். காலையில் அவருடையதைத் திறந்து கையில் கொட்டிக்கொண்டேன், வாயில் போடும்போது பார்த்துத் தடுத்தார். இன்று கடையிலிருந்து வரும்போது எனக்கு வேறு நிறத்தில் ஒன்று வாங்க வேண்டும்.